ஏழு கோடுகள் விழுந்த பலகை

பெயிண்டர் ஓஸ்வால்ட், டொமினிக் முதலாளியின் வர்ணக் கடைக்கு எண்பத்தாறு ரூபாய் நாலணா கடன்பட்டிருந்தார். சபேதா என்கிற, ஈயம் கலந்த வெள்ளை வர்ணம் வாங்கிய வகையில் ஐம்பத்தொன்று, எண்ணெய், டர்பன்டைன், பிரஷ் வகையில் மீதி. குடித்துக் கெட்ட காசு இல்லை, சீட்டாடித் தோற்ற காசும் இல்லை. தொழிலுக்கு வாங்கிய சரக்கு, தொழில் நின்றதால் நின்றுபோன பாக்கி. இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. ஏனென்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் பெங்களூர் ஜீவனஹள்ளியில் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை கட்டினார்கள்.

ஓஸ்வால்ட் தானாக எழுந்து நின்ற மனிதர். அவரைக் கைதூக்கி விட்டவர் என்று எவனும் மார்தட்ட முடியாது. பிளேக் வந்த வருஷம், பத்து வயதில், ஒரே வாரத்தில் தாயும் தகப்பனும் போனார்கள். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. சாரட்டு வண்டிக்கு வர்ணம் அடிக்கிற கொட்டகையில் பிரஷ் கழுவி, வாங்கிய உதைக்கும் தின்ற கூழுக்கும் கணக்கு வைக்காமல் வளர்ந்து, இருபத்திரண்டு வயதில் கண்டோன்மெண்டில் கடை போர்டு எழுதுகிறவர்களில் முதல் ஆள் ஆனார். சும்மா சொல்லவில்லை. மற்ற பெயிண்டர்கள் நீலம் தோய்த்த நூலை இழுத்துத் தட்டி, அந்தத் தடத்தின் மேல் கோடு போடுவார்கள். ஓஸ்வால்டுக்கு நூலும் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம். ஏணி மேல் நின்று மூச்சை இழுத்துப் பிடித்தாரானால், ஆறடிக் கோடு ஒரே இழுப்பில் போய் நிற்கும். காலேஜில் படித்த என்ஜினியர்கள் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அப்படியே இறக்குவார். ஒரு துரையும் குறை சொன்னதில்லை.

அந்தக் கோட்டுக்கு ஒரு வித்தை இருந்தது. பிரஷை சபேதாவில் தோய்த்து, நுனி நாக்கில் வைத்து, உதட்டால் இழுத்து ஊசி முனையாக்குவார். சபேதாவுக்கு லேசான தித்திப்பு உண்டு. "என் நாக்குதான் எனக்கு சாணைக்கல்லு" என்பார். இருபத்தைந்து வருஷம் அப்படி.

இன்னொன்றும் உண்டு. கோணல் வேலைக்கு அவர் காசு வாங்கியதில்லை. ஒரு மருந்துக் கடைக்கு எழுதிய போர்டில் ஓரக்கோடு மயிரிழை சாய்ந்திருந்தது. கடைக்காரர் கண்ணுக்கே தெரியவில்லை. ஓஸ்வால்ட் அதைக் கோடாலியால் பிளந்து அடுப்புக்குப் போட்டுவிட்டு, சொந்தச் செலவில் வேறு எழுதிக் கொடுத்தார். வேலை மனசுக்குப் பிடித்தால்தான் வலது மூலையில் முத்திரை விழும். சின்ன வட்டம், நடுவில் புள்ளி. அந்த வட்டத்தையும் புள்ளியையும் பார்த்துவிட்டுத்தான் மற்ற கடைக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

நாற்பத்தாறு வயதில் வயிற்றுவலி ஆரம்பித்தது. அப்புறம் ஈறு கறுத்தது. அப்புறம் வலது மணிக்கட்டு தொங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். மணிக்கட்டு வரைக்கும் எழுந்தது. அதற்கு மேல், ஆணியில் மாட்டிய கையுறை மாதிரி கவிழ்ந்து விழுந்தது. "ஈயம் உடம்பெல்லாம் ஏறிடுச்சு. இனிமே பிரஷ்ஷத் தொடாதே" என்றார் டாக்டர். ஓஸ்வால்ட் அதை வீட்டில் சொல்லவில்லை. ஒரு பேக்கரிக்கு ஏழடிக்கு மூன்றடியில் போர்டு ஒத்துக்கொண்டு வந்தார்.

பலகைக்கு மூன்று பூச்சு சபேதா கொடுத்தாயிற்று. நீலத்தைக் குழைத்து முதல் கோட்டை இழுத்தார். பாதி வரைக்கும் ராஜா மாதிரி போயிற்று. பாதியில் மணிக்கட்டு மடிந்து, கோடு சரிந்து பலகையின் அடிக்குப் போய்விட்டது. மூச்சைப் பிடித்து, கீழே இன்னொன்று. அதுவும் விழுந்தது. ஏழு தரம் போட்டார், ஏழும் விழுந்தன. கடைசியில் டர்பன்டைன் துணியால் துடைக்கப் போய், வலப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மேகம் மாதிரி அப்பிக்கொண்டது. பேக்கரிக்காரர் வந்தார், பார்த்தார், போய் வேறு ஆளுக்கு வேலையைக் கொடுத்தார்.

ஓஸ்வால்டின் மனைவி பிரிஜெட் அந்தப் பலகையை எடுத்து, வீட்டு முன்னால் குளிக்கிற இடத்துக்கு மறைப்பாக நிறுத்தினாள். வர்ணம் பட்ட பக்கம் மழைக்குத் தாங்கும் என்று அதைச் சந்துப் பக்கம் பார்க்க வைத்தாள். திருப்பி வைக்க ஓஸ்வால்டுக்குக் கையில் பலம் இல்லை. திருப்பச் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து சந்துக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. முதலில் நின்று பார்த்தவள் பக்கத்து வீட்டு ஜூடித்.

"அக்கா, இது ஏழு பொம்பளைங்க. எழவு வூட்டுல தலைய விரிச்சிப் போட்டுக்கினு குந்திக்கினு இருக்காங்க. எங்கம்மா செத்தப்போ இப்பிடித்தான் குந்தினு இருந்தாங்க."

ஈஸ்ட் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்த ஜெயராஜ் கேட்டுக்கொண்டே வந்தான். "பொம்பளையாவது ஒண்ணாவது. ரயில் யார்டு அது. ஏழு லைனு, அந்தாண்ட எஞ்சின் பொகை. தெனம் அதுலதான் உசுரு போயி வருது, எனக்குத் தெரியாதா."

"உனக்கு ரயில வுட்டா என்னா தெரியும்?"

"உனக்கு எழவ வுட்டா என்னா தெரியும்?"

வீடு மந்திரிக்க வந்த மாதா கோயில் சாமியார் குடையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். வானத்திலிருந்து தள்ளப்பட்ட தூதர்கள் என்றார். ஓஸ்வால்டைப் பார்த்து, "பயபக்தியோட போட்டிருக்கே" என்றார். ஓஸ்வால்ட் உள்ளே பாயில் உட்கார்ந்தபடி, மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பேசப் பேச, ஒவ்வொரு கோடும் இன்னொரு தரம் விழுந்த மாதிரி இருந்தது. ஒருநாள் மனைவியிடம் கேட்டார், "உனக்கு என்னா தெரியுது அதுல?"

"நான் எங்க பாத்தேன். துணி காயப்போட எடம் பாக்கறேன்" என்றாள் பிரிஜெட்.

ஆகஸ்டு கடைசி வாரம் டொமினிக் வந்தார். ஒரே கோயில், ஒரே திருநாள் கமிட்டி, அதனால் உட்கார்ந்து காப்பி குடித்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் என்னென்னவோ சொல்றாங்க. எனக்கு இதுல நாலு ராத்தல் சபேதா தெரியுது பெயிண்டரே, வேற ஒண்ணும் தெரியல."

"கொஞ்சம் பொறுங்க மொதலாளி."

"ரெண்டு வருஷம் பொறுத்தாச்சு. மாதா கோயில் கொடியேத்தம் சனிக்கெழம சாயங்காலம். அதுக்குள்ள காசு வரணும். வரலன்னா தையல் மிஷினத் தூக்கிக்கினு போவேன். எனக்கும் பேஜாருதான், ஆனா கடன்னா கடன்தான்."

அந்த மிஷினில்தான் வீடு ஓடியது. பிரிஜெட் ஃபிரேசர் டவுனில் நாலைந்து வீடுகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். அதில் ஒரு வீடு, சர்க்கார் என்ஜினியராக இருந்து ரிட்டயரான கஸ்தூரிரங்கன் வீடு. அந்த வாரம் அவர் மருமகள் அலர்மேல்மங்கை ரவிக்கை வாங்க வந்தாள். மாமனார் ஜட்காவில் உட்கார்ந்திருந்தார். மருமகள் திரும்பி வந்து ஏறி உட்கார்ந்த பிறகும், வண்டிக்காரனை ஓட்டச் சொல்லவில்லை. இறங்கி வந்து பலகைக்கு முன்னால் நின்றார்.

"ஏம்ப்பா, இது யார் போட்டது?"

"நான்தான் சார். கெட்டுப்போன போர்டு அது."

"கெட்டுப்போனதா? ஏழு தந்தியையும் கணக்காப் போட்டிருக்கியே." அவர் கைத்தடியால் ஒவ்வொரு கோடாகக் காட்டினார். "எங்காத்துல என் ஆம்படையா ருக்கு வீணை வாசிப்பா. அவ போய் அஞ்சு வருஷமாச்சு. நான் யாரையும் தொட விடலை. தந்தியெல்லாம் தளர்ந்து இப்படித்தான் தொங்கறது. மேல தூசி, இதோ இப்படி. நீ எங்காத்துக்கு வந்ததே இல்லையே, எப்படிப் போட்டே?"

கஸ்தூரிரங்கன் நூறு ரூபாய் தருகிறேன் என்றார். பிரிஜெட் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. மூலைல உன் முத்திரை வேணும். கடை போர்டுல எல்லாம் பார்த்திருக்கேன், வட்டமும் புள்ளியும். அது இல்லேன்னா யாரோ பிரஷ் துடைச்ச பலகைன்னு என் பிள்ளை தூக்கிப் போட்டுடுவான்."

"சார், கோணக் கோட்டுக்கு நான் காசு வாங்கினது கெடயாது" என்றார் ஓஸ்வால்ட். "வேணும்னா சும்மா எடுத்துக்கினு போங்க. முத்திர மட்டும் கேக்காதீங்க."

"சும்மா வாங்கிண்டா அது குப்பைதான். யோசிச்சுச் சொல்லு. சனிக்கிழமை கார்த்தால வரேன்."

ஜட்கா போன பிறகு பிரிஜெட் பேசினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"ரெண்டு வருஷமா உங்களுக்கு சோறு பெசைஞ்சு ஊட்டறது இந்தக் கைதான். மிஷினு போயிட்டா இந்தக் கையி எதப் பெசையும்?"

"அதுல முத்திர போட்டா, இத்தினி வருஷம் போட்ட முத்திரைக்கு என்னாடி அர்த்தம்?"

"எல்லாரும் பலகையப் பாக்கறாங்க. எழவு, ரயிலு, வீணைன்னு என்னமோ தெரியுது. நீங்க ஒருத்தர்தான் உங்க கையவே பாத்துக்கினு இருக்கீங்க."

"என் கைதானே அது."

மூன்று நாள் இருவருக்கும் பேச்சில்லை. அவள் சோறு ஊட்டினாள், அவர் வாயைத் திறந்தார், அவ்வளவுதான். தையல் மிஷின் மட்டும் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. இருக்கிற மூன்று நாளில் முடிகிற வேலையை முடித்துவிட வேண்டும் என்று மிதித்தாள்.

சனிக்கிழமை காலையில் கஸ்தூரிரங்கன் கை வண்டியோடு வந்துவிட்டார். ஓஸ்வால்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டை போட்டு, பொத்தானெல்லாம் பிரிஜெட் மாட்டிவிட்டிருந்தாள்.

"போடறேன் சார். ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடணும். பொய் சொல்லிக் காசு வாங்க மாட்டேன். இது வீணை இல்ல. நேர்க்கோடு போடப் பாத்தேன். கை வியாதி. பாதியில வுழுந்துடுச்சு. ஏழு தரம் போட்டேன், ஏழு தரமும் வுழுந்துச்சு. அவ்வளவுதான் இது."

கஸ்தூரிரங்கன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ என்ன போடப் பார்த்தேங்கறது எனக்கு வேண்டாம்ப்பா" என்றார். "முத்திரையைப் போடு."

ஓஸ்வால்ட் எத்தனையோ ஏச்சு வாங்கியவர். இந்த மாதிரி ஒன்று யாரும் அவரைச் சொன்னதில்லை. ஜூடித்தும் ஜெயராஜும் சந்தில் நின்று பார்த்தார்கள். பிரிஜெட் நீலத்தைக் குழைத்துக் கொடுத்தாள். விரல்களுக்கு நடுவில் பிரஷைச் செருகிவிட்டாள். பழக்கத்தில் அவர் தலையைக் குனிந்து பிரஷை வாய்க்குக் கொண்டுபோனார். அவள் அதைப் பிடுங்கி, தன் முந்தானையால் முனை முறுக்கி மறுபடியும் செருகினாள். அப்புறம் அவர் மணிக்கட்டுக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினாள்.

வட்டம் ஆரம்பித்தது. மேலே ஏறி, வளைந்து, இறங்குகிற இடத்தில் அவள் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சரிந்தது. சேரவேண்டிய இடத்தில் சேரவில்லை. ஒருபக்கம் திறந்த முட்டை மாதிரி நின்றது. புள்ளி அதற்கு வெளியே விழுந்தது.

ஓஸ்வால்ட் அதைத் துடைக்கக் கை நீட்டினார். "போதும் போதும், நன்னா இருக்கு" என்று கஸ்தூரிரங்கன் தடுத்துவிட்டார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதுதான் ஓஸ்வால்டுக்குத் தாங்கவில்லை. கண்டோன்மெண்டில் அந்த முத்திரையோடு நிற்கிற இருநூறு போர்டுகளும் அந்த நிமிஷம் அவருக்கு வேறு யாரோ எழுதியவையாகப் போய்விட்டன.

பத்து ரூபாய் நோட்டு எட்டும், வெள்ளி ரூபாய் இருபதும் பிரிஜெட்டின் கைக்கு வந்தன. பலகை வண்டியேறிப் போயிற்று. குளிக்கிற இடம் வெட்டவெளியாக நின்றது. ஜூடித் அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொம்பளைங்களையும் வித்துட்டீங்களா அக்கா" என்று கேட்டாள். கிண்டலாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. பழைய கோணிச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம், கொடியேற்றத்துக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னால் ஓஸ்வால்டும் பிரிஜெட்டும் டொமினிக் கடைக்கு நடந்து போனார்கள். பிரிஜெட், நான் மட்டும் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள். அவர் விடவில்லை. வாங்கியவன் நான், கொடுக்கிறவனும் நானாகத்தான் இருக்கவேண்டும் என்றார்.

டொமினிக் திருநாள் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தார். விஷயம் ஏற்கெனவே காதுக்கு வந்திருந்தது.

"நெசமாவே வித்துட்டியா? அந்தாளுக்கு என்னா தெரிஞ்சுதாம் அதுல?"

"வீணை."

"வீணையா." டொமினிக் சிரித்தார். "அப்பவே தெரிஞ்சிருந்தா மிஷினு பேச்சே எடுத்திருக்க மாட்டேன். பலகைய நானே தூக்கினு வந்திருப்பேன்."

ஓஸ்வால்ட் சிரிக்கவில்லை. "கைய நீட்டுங்க மொதலாளி" என்றார்.

டொமினிக் கையை நீட்டினார். ஓஸ்வால்ட் நின்ற இடத்தில் நின்று வாயால் எண்ணினார், பிரிஜெட் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து வைத்தாள். பத்து, இருபது, முப்பது என்று நோட்டுகள் போயின. எண்பதோடு நோட்டு தீர்ந்தது. வெள்ளியை ஒவ்வொன்றாகச் சொன்னார். எண்பத்தொன்று. எண்பத்திரண்டு. குரல் எங்கேயும் இறங்கவில்லை. எண்பத்தாறு என்று சொன்ன பிறகு, தையல் காசிலிருந்து ஒரு நாலணாவை எடுத்து, டொமினிக்கின் விரிந்த உள்ளங்கையில் பிரிஜெட் வைத்தாள்.