சிவப்பு போதாத வெளிச்சம்

விளக்குத் தொழிற்சாலையில் அவளைப் பொடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வுபெறப் போகிற சோதனைப் பிரிவுக்காரருக்கும் அவள் அக்காதான். நீல ஒளி விடும் கடுகளவு எல்.இ.டி. சில்லின் மேல் மஞ்சள் பொடி கலந்த பசையை வைத்தால் வெள்ளை வெளிச்சம் வரும். அந்தப் பொடியைக் கலப்பது பதினாறு வருடமாக அவள் வேலை. கூடவே சிவப்புப் பொடியும் சேர்த்தால் மனிதர் முகம் முகமாகத் தெரியும். ஆனால் அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறையும். அதனால் சிவப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் மேலாளர்.

கணவர் இறந்து ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. ஞாயிறுதோறும் வெளியூரிலிருந்து தங்கை வீடியோவில் கூப்பிடுவாள்.

"ஏன்க்கா இப்படி வெளுத்துப் போயிருக்க?"

"லைட் அப்படிடி. இதுல சிவப்பு பத்தாது. எங்க கம்பெனி சரக்குதான்."

வாராவாரம் அதே கேள்வி, அதே பதில். படியேறினால் மூச்சு வாங்கியது. வயசு என்று விட்டுவிட்டாள். அப்படி விடாதே என்று அதட்ட வீட்டில் ஆள் இல்லை.

ஒரு புதிய வாடிக்கையாளருக்காகச் சிவப்பு தாராளமாகச் சேர்த்து ஒரு மாதிரி விளக்கு செய்தார்கள். சோதனைப் பிரிவுக்காரர் அதன் கீழே தன் உள்ளங்கையைக் காட்டினார். செக்கச் செவேலென்று தெரிந்தது.

"நீங்களும் வைங்கக்கா."

வைத்தாள். பக்கத்தில் அவள் கை காகிதம்போல் இருந்தது.

"கலவை சரியா வரல போல" என்றாள்.

அவர் ஒளியின் நிறம் அளக்கும் மீட்டரைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"லைட் சரியாத்தான் இருக்கு. நீங்க டாக்டரைப் பாருங்க."

பரிசோதனையில், இரத்த அளவு இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. காரணம், கருப்பையில் இருந்த கட்டி.

"இத்தனை நாள் யாரும் சொல்லலையா?" என்று கேட்டார் மருத்துவர்.

"சொன்னாங்க டாக்டர். நான்தான் லைட்டு மேல பழியைப் போட்டுட்டேன்."

அறுவைக்கான படிவத்தில் உடனிருப்பவர் பெயர் கேட்டிருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தங்கை பெயரை எழுதினாள். பிறகுதான் அவளுக்கே போன் செய்தாள்.

அறுவைக்கு வந்த தங்கை ஒன்பது நாள் இருந்தாள். திட்டினாள், சமைத்தாள், அலமாரி முழுவதையும் மாற்றி அடுக்கினாள். பத்தாம் நாள் காலை அக்கா மெல்ல நடந்து பேருந்து நிலையம்வரை போய் வழியனுப்பினாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் போடுறேன்."

"சரி."

பேருந்து போனது. அதற்குப் பிறகு இரண்டு பேருந்துகள் வந்து போயின. அவள் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.