மாப்பிள்ளை இறங்கின கார்

நாவற்குடா வினோஜனுக்கு ரெண்டு செல்லம். ஒன்று தங்கச்சி வதனி. மற்றது, ரெண்டே பேர் இருக்கக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டையும் ஒரே நாளில் சபைக்குக் கொண்டுவர நினைத்தானே, அங்கேதான் பிடித்தது சனி.

காருக்கு அடியில் கிடந்த சைலன்சர் உப்புக்காற்றில் உக்கி விழுந்துவிட, காத்தான்குடியில் கராஜ் வைத்திருந்த பாறூக் நானாவிடம் போய், புதுப் புகைக்குழாய்களைக் கதவுகளுக்குக் கீழே ரெண்டு பக்கமும் வெளியால ஓடவிடச் சொன்னான். பார்க்க ராசா மாதிரி இருக்குமாம்.

"நல்லாத்தான் இருக்கும் தம்பி, ஆனா இறங்கிற ஆளுட கால் பத்திரம்," என்றார் நானா.

ஆர் கேட்டது? முதல் கிழமையே அவன் கெண்டைக்கால் பொசுங்கியது. மறுகா, அடுத்த கிழமை, வதனியின் பாவாடைக் கரை. ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை. அந்த உறுமலுக்கு வாவிக்கரைச் சனம் திரும்பிப் பார்க்கும், இவனுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

கலியாணத்தன்று மாப்பிள்ளை நிதுர்ஷனை அந்தக் காரில்தான் கூட்டிவந்தான். வந்தாறுமூலையில் ஏற்றின நேரம் தொட்டு அவன் கண் மாப்பிள்ளையின் காலில்தான். பட்டு வேட்டி, வெறுங்கால், வலது காலை முதலில் வைத்து இறங்கவேண்டிய ஆள். இடப்பக்கக் கதவால் வலது காலை வைப்பதென்றால் உடம்பை முறுக்கவேணும்; கால் நேரே குழாயில் போய்ப் படும். வாசலிலேயே மாப்பிள்ளைக்குச் சூடு பட்டது என்ற சொல்லை வதனி சாகுமட்டும் சுமக்கவேணும். இவர்கள் தாய் கேதீஸ்வரியோ பல்லி சொன்னாலே பயணத்தை நிறுத்துகிற மனுசி. "காலை எட்டி வைங்க மச்சான், கொதிக்கும்," என்று வழியெல்லாம் சொன்னான். நிதுர்ஷன் தலையாட்டினான். அந்த உறுமலில் காதில் விழுந்ததோ என்னவோ.

வாசலில் பெண்கள் குரவை போட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கால் கழுவவேண்டியது பெண்ணின் உடன்பிறந்தவன். வினோஜன் சுற்றி ஓடிவந்து தண்ணீர்ச் செம்பை வாங்கினான். அதற்குள் நிதுர்ஷன் வலது காலை வெளியே வைக்க, வேட்டிக் கரை குழாயை நோக்கிச் சரிந்தது. வினோஜனுக்குப் புத்தி கலங்கிப்போனது. கால் கழுவ வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் குழாயில் கவிழ்த்தான்.

புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பயந்துபோன மாப்பிள்ளை காலை இழுத்துக்கொண்டு திரும்பவும் காருக்குள் இருந்துவிட்டான்.

குரவை நின்றது. "வைச்ச காலைத் திருப்பி எடுத்திட்டாரே," என்றாள் ஒருத்தி. கேதீஸ்வரியின் முகத்தில் இரத்தமில்லை. ஜன்னலில் நின்ற வதனியைப் பார்த்ததும் வினோஜனுக்கு அழுகை முட்டியது. செம்பைக் கீழே வைத்துவிட்டு, வலது உள்ளங்கையைக் குழாயில் பொத்தினான்.

"ஆறிட்டு மச்சான். பாருங்க, கை வைச்சிருக்கன். இறங்குங்க."

எங்கே ஆறியது? தண்ணீர் பட்டும் அது சுட்டுக்கொண்டுதான் இருந்தது. நிதுர்ஷன் அந்தக் கையைத் தாண்டிக் காலை ஊன்றும்வரை, வினோஜன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

வேறு தண்ணீர் வந்து, கால் கழுவியாயிற்று. கழுவிய மச்சானுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவது வழமை. நிதுர்ஷன் அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பினான். உள்ளங்கையும் விரல்களும் சிவந்து கொப்பளித்துக் கிடந்தன. அந்தக் கையை மெல்ல விட்டுவிட்டு, இடது கையை எடுத்து மோதிரத்தைப் போட்டான்.

"என்ன மருமகன், வலக்கையிலதானே போடுற," என்று பதறினாள் கேதீஸ்வரி.

"குறை நினைக்காதீங்க மாமி. பதட்டத்தில எனக்குத்தான் கை மாறிட்டு," என்றான் மாப்பிள்ளை.