ரைட் ஃபீல்டில் விட்டுவந்த கிளவுஸ்

நேற்று பங்சாரில் செருப்பு தைக்கும் அங்கிள் என் தோல் பையில் தேங்காய் எண்ணெய் தடவினார். அந்த வாசம் வந்ததும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் திடலில் பந்து என் பக்கம் வந்துவிடுமோ என்று நின்ற அதே பயமும் வந்துவிட்டது.

மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் சாப்ட்பால் என்றால் என்னவென்றே எங்கள் வட்டாரத்தில் தெரியாத காலம். பள்ளியைப் பாதியில் விட்ட என்னை, ஆள் குறைகிறது என்று கேப்டன் கமலா அக்கா இழுத்துப்போய், ரைட் ஃபீல்ட் என்ற, பந்து அதிகம் வராத மூலையில், ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். இரண்டு டீமுக்கும் சேர்த்து, பந்து பிடிக்கும் தோல் கிளவுஸ் ஒன்பதே ஒன்பது. தேங்காய் எண்ணெயில் ஊறி, வெயிலில் காய்ந்து, முன்பு போட்டவளின் வியர்வையோடு கதகதவென்று இருக்கும். அடிக்கும் டீமில் மூன்று பேர் அவுட்டானால் அடுத்து நாங்கள் அடிக்க வேண்டும்; கிளவுஸைப் புல்லிலேயே வைத்துவிட்டு ஓடிவர வேண்டும், எதிர் டீம்காரி எடுத்துக்கொள்வாள். மறந்துபோய் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேனோ என்று எனக்குத் தூக்கமே வராது.

"இன்னிக்கும் பந்த விட்டே, நாளையிலேர்ந்து தண்ணி வாளிதான் தூக்குவே," என்று ஒருநாள் ஆட்டத்துக்கு முன் கமலா அக்கா சொல்லியிருந்தார்.

அன்று எங்களை எதிர்த்து ஆடிய கிள்ளான் ஊர் டீமில் இரண்டு பேர் அவுட். அடுத்த பந்து மரத்தைத் தாண்டி என்மேலேயே வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன், கிளவுஸில் தொப்பென்று விழுந்தது. தரையில் படாமல் பிடித்தால் அவுட், இது மூன்றாவது! மறக்காமல் கிளவுஸைப் புல்லில் வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

"பந்து எங்கடி?" என்றார் கமலா அக்கா.

"பிடிச்சேன்க்கா."

மரம் மறைத்ததால் யாரும் பார்க்கவில்லை. கமலா அக்கா வாளியைக் கையில் எடுத்துவிட்டார். நான் ஓடிவந்ததைப் பார்த்து, பழக்கத்தில் கிளவுஸ் எடுக்கப்போன கிள்ளான் பெண்தான் அங்கிருந்து கத்தினாள்: "பந்து இங்க கிளவுஸ் உள்ளாறதான் இருக்கு லா! நம்மாளு அவுட்டு!"

அவளுடைய டீம் அவளைத் திட்டிய திட்டு, நகரின் மறுகோடியில் இருக்கும் செந்தூல் வரை கேட்டிருக்கும்.

அந்தத் திடல் இப்போது ஒரு கொண்டோ அடுக்குமாடியின் கார் பார்க். அங்கே காரைவிட்டு இறங்கும்போது பந்து வருகிறதா என்று ஒருமுறை மேலே பார்த்துக்கொள்கிறேன். கூரை இருக்கிறதுதான், இருந்தாலும்.