வளைந்த ஊசி

யுத்தம் முடிந்த பிறகு, தூத்துக்குடி உப்பள முதலாளி ஒருவர் பழைய சின்ன விமானம் ஒன்றை வாங்கினார். இறக்கை பழுதில்லை, உள்ளேதான் அலங்கோலம். தோல் இருக்கைகள் வெடித்து நார் உதிர்ந்தது, சுவரை மூடிய துணி கிழிந்து தொங்கியது.

என் வீட்டுக்காரர் கார் சீட் தைப்பவர். நான் தோணிப் பாய் தைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். விமானம் கயத்தாறு பக்கம் ராணுவம் விட்டுப்போன ஓடுதளத்தில் நின்றது. முதலாளி அனுப்பிய லாரியில் இருவரும் அங்கே போனோம்.

விமானத்தைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் சாயர்புரத்துக்காரர், வயதானவர். கழற்றிய ஒவ்வொன்றையும் தராசில் வைத்தார். "புதுசு இதவிட ஒரு பலம் எடை கூடக் கூடாது" என்றார். அதனால் நாருக்குப் பதில் இலவம்பஞ்சு அடைத்தோம்.

இருக்கைக்குப் பின்னால் வாலை நோக்கி ஒரு குறுகலான பொந்து. என் வீட்டுக்காரருக்குத் தோள் நுழையவில்லை. நான் தவழ்ந்து போய்ப் புதுத் துணியைத் தைத்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் சாமான்களைக் கட்டும்போது பார்த்தால், மெத்தை தைக்கிற வளைந்த ஊசி ஐந்தில் நாலுதான் இருந்தது.

"ஏளா, முந்தானையில குத்தி வச்சியா பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

உதறிப் பார்த்தேன். இல்லை. மறுநாள் காலை விமானம் பறக்க வேண்டும். நேரே மெக்கானிக்கிடம் போனேன்.

"அண்ணாச்சி, ஒரு ஊசியக் காணல. உள்ளதான் விழுந்திருக்கும்."

அவர் திட்டவில்லை. "வாலத் திருப்புத கம்பி ஓடுத உருளையில போய் மாட்டிச்சுன்னா விமானத்தத் திருப்ப முடியாது. தேடிருவோம்" என்றார்.

தரைப் பலகையைக் கழற்றி, குச்சி நுனியில் காந்தம் கட்டி அடியில் துழாவினார். கொஞ்ச நேரத்தில் உருளைக்குப் பக்கத்திலிருந்து ஓர் ஊசி ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்கு உயிர் வந்தது. என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையசைத்தார்.

"இது நம்மது இல்ல. நேரா இருக்கு. துருப்பிடிச்சுக் கெடக்கு."

முன்பு எப்போதோ தைத்தவர் விட்டுப்போனது. சொல்லாமல் போயிருக்கிறார். மெக்கானிக் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் மறுபடி பொந்துக்குள் நுழைந்தேன். தைத்த தையல் ஓரமாகவே உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துக்கொண்டு போனேன். கடைசி மூலையில் துணிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் ஏதோ உறுத்தியது. நாலு தையலைப் பிரித்தேன். வளைந்த ஊசி விரலில் குத்திக்கொண்டே வெளியே வந்தது. அந்த வலி அவ்வளவு சுகமாக இருந்தது.

"கெடச்சிருச்சு" என்றேன். பிரித்த நாலு தையலையும் மறுபடி போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பிறகு மெக்கானிக் சொன்னார்: "நீ சொல்லாமப் போயிருந்தா இந்தப் பழைய ஊசியும் உள்ளயேதான் கெடந்திருக்கும், தங்கச்சி."

காலையில் விமானி ஏறி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார். இருக்கை மெத்தென்று இருக்கிறது என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அது போதும். வந்த லாரியிலேயே ஊர் திரும்பினோம். மணியாச்சி தாண்டும் முன்பே என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். நான் தூக்குச்சட்டியைத் திறந்து, முந்தைய நாள் ஊசி தேடிய பதற்றத்தில் தொடாமல் வைத்திருந்த புளிச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.