கொப்பறாக் கிட்டங்கிக்கு மேலே

போன கிழமை பப்படம் பொரிக்க அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டு, ரேடியோவில் யாரோ பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். எண்ணெய் கமறிய மணம் மூக்கில் ஏறியதுதான் தெரியும். அடுத்த நிமிஷம் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில், பெரிய வீதியைப் பார்த்தபடி, ஒற்றைக் காலில் செருப்போடு நிற்கிறேன். இந்த வயதில் அப்படியொரு ஓட்டம். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். "மாமி, எங்களையும் ஒரு சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே" என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மணத்தை எனக்குப் பழக்கியது கொட்டாஞ்சேனை. வெள்ளைக்காரன் காலம், அதிலும் சண்டைக் காலம். அங்கே துறைமுகப் பக்கம், கொப்பறா குவித்து வைக்கிற கிட்டங்கி ஒன்றின் மேல்மாடிக் கந்தோரில் நான் டைப்பிஸ்ட். கீழே முகடு முட்டக் கொப்பறா, எண்ணெய்க்குக் காயவைத்த தேங்காய்ப் பருப்பு. மேலே பலகைத் தரையில் நாங்கள் ஏழு பேர். கொப்பறா பொல்லாத சரக்கு. ஈரத்தோடு குவித்தால் ஒருவரும் நெருப்பு வைக்காமலே உள்ளுக்குள் சூடேறும். கீழே வேலை செய்தவர்கள் காலையில் வந்ததும் குவியலுக்குள் தோள்வரை கையை விட்டுப் பார்ப்பார்கள். கை தாங்காவிட்டால் அன்று முழுக்கக் கிளறிப் பரப்புவதுதான் வேலை. எங்களுக்கோ அதெல்லாம் கீழ்மாடி விஷயம். எங்கள் பயம் வானத்தில் இருந்தது.

ஜப்பான்காரன் குண்டு போட வருவான் என்று ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் தடித்த தாள் ஒட்டியிருந்தது. முற்றத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. காவற்காரர் அதை அடித்தால் மேசைக்கடியில் குப்புறப் படுக்க வேண்டும். பெரிய கிளாக்கர் விசில் ஊதினால்தான் எழும்பலாம். பிறகு கீழே இறங்கி நிற்க, ரீற்றா தலை எண்ணுவாள். ரீற்றா என்னோடு கொன்வென்டில் படித்தவள், பக்கத்து மேசைக்காரி, பயம் என்றால் என்னவென்று அறியாத பிறவி. கிழமைக்கு இரண்டு தரம் ஒத்திகை. வெறும் ஒத்திகைக்கே நான் முதல் ஆளாக மேசைக்கடியில் பாய்வேன். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி பண்ணுவாள்.

அன்று காலை பத்து மணி இருக்கும், தண்டவாளம் அடித்தது. வழக்கத்தைவிட அவசரமாக அடித்தது. கீழே புகையைக் கண்ட மனுஷனுக்கு அடிக்க வேறு என்ன இருந்தது? மேலே நாங்கள் இறங்கியிருப்போம் என்றுதான் கீழே நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். நாங்களோ பழக்கப்படி மேசைக்கடியில் விழுந்து, வானத்தில் இரைச்சல் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தோம். இரைச்சல் இல்லை. என் உள்ளங்கைக்குக் கீழே பலகை சுட்டது.

ரீற்றாவிடம் சொன்னேன். வெயிலாக்கும் என்றாள். தாள் ஒட்டிய அறைக்குள் எங்கிருந்து வெயில்? பலகை இடுக்கால் அந்த மணம் வந்தது. முதலில் தேங்காய்ப்பூ வறுக்கிற மாதிரி இனிப்பாக, பிறகு தொண்டையைப் பிடிக்கிற கசப்பாக.

"எடியே, கீழ நெருப்பு" என்றேன்.

"சும்மா படு. இன்னும் விசில் ஊதேல்ல. உனக்கு எப்பவும் பயம்தான்."

சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். இன்னொரு தரம் சொன்னால் கையைப் பிடித்து வைத்துக்கொள்வாள், பிறகு கந்தோர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள் என்று பட்டது. அவளுக்குச் சொல்லாமல், பல்லி மாதிரித் தவழ்ந்துபோய்ப் பின்படியால் இறங்கினேன். ஆட்கள் முன்பக்கம் தண்ணீர் வாளிகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என்னைக் காணவில்லை. கோயிலடி வரைக்கும் ஓடினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மிச்சத்தைப் பெரிய கிளாக்கர் பிறகு சொன்னார். நான் போய்க் கொஞ்ச நேரத்தில் புகை மேலே வந்திருக்கிறது. அவர் விசிலை ஊத, எல்லாரும் முன்படியால் இறங்கிவிட்டார்கள். முற்றத்தில் ரீற்றா எண்ணினாள். ஒரு தலை குறைந்தது. பயத்தில் மயங்கி மேசைக்கடியிலேயே கிடக்கிறேனாக்கும் என்று திரும்பவும் மேலே ஓடினாள். அவர் பிடித்த பிடியில் அவளுடைய சட்டைக் கை கிழிந்து அவர் கையோடு வந்ததாம். பலகைத் தரை அதற்குப் பிறகு அதிக நேரம் நிற்கவில்லை.

செத்த வீட்டில் ரீற்றாவின் அம்மா என் கன்னத்தைத் தடவினார். "உன்னைத் தேடித்தான் பிள்ளை மேல போனவள். நீ எங்க நிண்டனீ?" என்று கேட்டார்.

"புகைக்குள்ள வழி தெரியேல்ல, அன்ரி" என்றேன். நான் இறங்கும்போது படியில் புகையே இல்லை.

இப்போது அந்த இடத்தில் சீமெந்துக் கட்டிடம். தெருவில் கொப்பறா மணமும் இல்லை. சண்டை முடிந்ததும் தண்டவாளத் துண்டைப் பழைய இரும்போடு சேர்த்து விற்றிருப்பார்கள். ரீற்றாவின் அம்மா இருந்தவரை ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். இந்த வருஷம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொண்டு போனேன். அவர் கேக் வெட்டித் தருவார். தின்றுவிட்டு வந்துவிடுவேன். இப்போது அந்த வீடும் இல்லை, கேட்க அவரும் இல்லை.