மஞ்சள் வெளுத்த கிணறு

அரியலூரில் நான் வாங்கிய முதல் அடி விளக்குமாற்றால். சாக்கடைமேல் கட்டியிருந்த படிக்கட்டு ஒன்றை இடிக்கப் போன இடத்தில் விழுந்தது. இரண்டாவது, பன்றி பிடிக்கப் போனபோது மூங்கில் கழியால். அது பன்றிக்கு ஓங்கியது என்று அடித்தவர் பிறகு சொன்னார், நானும் நம்பினேன். இப்போது இந்த வேலைக்குச் சுற்றுச்சூழல் தர வல்லுநர் என்று பெயர் வைத்து ஏசி அறையில் உட்கார வைக்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் டவுன் பஞ்சாயத்தில் என் பெயர் சானிட்டரி இன்ஸ்பெக்டர். ஊர் வைத்த பெயர் சாக்கடை சார். பெரம்பலூரில் இதே வேலையில் இருந்தவரை வசவு மட்டும்தான் கிடைத்தது. அரியலூருக்கு மாற்றியதைப் பதவி உயர்வு என்று என் மனைவி வெளியே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஆடி மாதம் வாந்திபேதி வந்தது. மழையில் சாக்கடை பொங்கி ஒரு தெருவின் பொதுக்கிணற்றில் கலந்துவிட்டது. ஒரு குழந்தை இறந்துபோனது. சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைக்கும் ஒருவர் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டே ஆக வேண்டும்.

எங்கள் ஆபீஸ் பவுடர் ஒழுகும் அறையில் மாதக்கணக்கில் கிடந்து, வீரியமெல்லாம் காற்றில் போய், கோலமாவாகத்தான் எங்கள் கைக்கு வரும். அதனால் ஒரு பங்கு போட வேண்டிய இடத்தில் நாலு பங்கு கொட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். அன்றைக்கு வந்தது புது மூட்டை. வாந்திபேதி என்றதும் திருச்சியிலிருந்து லாரியில் அனுப்பிவிட்டார்கள். அரசாங்கம் ஒரு வேலையை நேரத்தோடு செய்யும் என்று யார் எதிர்பார்த்தது? நானும் கூட வந்த தொழிலாளியும் வாளியில் கரைத்து, வழக்கம்போல் நாலு பங்கு ஊற்றினோம். கண் எரிந்து நீர் கொட்டியது. “மதியம் வரைக்கும் யாரும் தண்ணி எறைக்கக் கூடாது” என்று உரக்கச் சொன்னேன். கிணறு கேட்டுக்கொண்டது.

தெருப் பெண்கள் ஆடிப்பெருக்குக்குத் திருமழபாடி போய், கொள்ளிடத்தில் குளித்து, தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போனதும் கிணற்றடியில் வாளி வாளியாகத் தலைக்கு ஊற்றிக் குளித்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தாலிக்கயிறு வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தவரின் மனைவி கயிறும்தான். பவுடர் சாயத்தை வெளுக்கும் என்று படித்துப் பாஸானவன் நான். சாயம் யார் கழுத்தில் இருக்கும் என்பது பாடத்தில் வரவில்லை.

மறுநாள் காலை மறுபடி போனேன். கூட்டத்தைத் தூரத்திலேயே பார்த்த தொழிலாளி சைக்கிளைத் திருப்பிவிட்டார். நான் விசாரிக்க இறங்கினேன். பின்மண்டையில் ஒரு செம்பு வந்து விழுந்தது. காலரைப் பிடித்து மண்ணில் தள்ளி மிதித்தார்கள். கிணற்றுத் தாம்புக்கயிற்றை நாலாக மடித்து முதுகில் இறக்கியது, ஆஸ்பத்திரியில் கிடந்த குவாரிக்காரரின் மனைவி. நனைந்த தாம்புக்கயிற்றின் கனத்தை முதுகால் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

“கெணத்துல என்னத்தடா போட்ட? பாருடா, கண்ணத் தொறந்து பாரு!” கழுத்திலிருந்ததை என் முகத்துக்கு நேரே இழுத்துக் காட்டினாள். நூல்கண்டிலிருந்து அப்போதுதான் அறுத்த மாதிரி வெள்ளை. “எங்க வூட்டுக்காரரு அங்க இழுத்துக்கிட்டுக் கெடக்குறாரு. நீ எங்கழுத்த வெளுத்துட்டுப் போறியா?”

“அம்மா, அது மருந்துங்க. கிருமியக் கொல்றது…”

“கொல்றதுன்னு அவனே சொல்றான் பாரு!” என்று எவனோ கத்த, வாயில் ஒரு குத்து. முன்பல் ஒன்று நாக்கில் வந்து உட்கார்ந்தது.

குவாரிக்காரரின் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். காப்பாற்ற வருகிறான் என்று நினைத்தேன். அரிவாளை என் தொண்டையில் வைத்தான்.

“வுடுங்க எல்லாரும். எங்கண்ணன் பொழச்சா இவன் பொழச்சான். அண்ணனுக்கு ஒண்ணு ஆச்சு, இவன இதே கெணத்துல எறக்கி மூடிடுவேன். நடடா ஆஸ்பத்திரிக்கு.”

இப்படியாக முன்பின் தெரியாத ஒருவரின் குடலில் என் ஆயுள் போய்க் குடியேறியது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் வீங்கிய உதட்டோடு நான். அந்தப் பக்கம், துண்டில் சுற்றிய அரிவாளோடு தம்பி. சலைன் சொட்டுவது நின்றால் அவனுக்கு முன்னால் நான் ஓடினேன். அவர் வாந்தி எடுத்தால் நான் சட்டி பிடித்தேன். அவர் கண் செருகும்போதெல்லாம் தம்பியின் கை துண்டுக்குள் போனது.

நர்ஸ் என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீங்க இவருக்கு என்ன வேணும்?”

“ரொம்ப வேண்டியவன்ங்க.”

“மூஞ்சில என்ன இவ்ளோ அடி?”

“இவரு நெனப்பாவே நடந்து வந்தேன். விழுந்துட்டேன்.”

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் மதியம் அவர் கஞ்சி கேட்டார். என் பிள்ளை முதல் வார்த்தை பேசியபோதுகூட நான் அப்படி அழவில்லை. அவர் மனைவி ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவள் கழுத்துக் கயிற்றைப் பார்த்து என்னவென்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொல்லி என்னைக் கைகாட்டினாள். அவர் கிட்டே வரச் சொல்லிச் சைகை செய்தார். நன்றி சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்று நினைத்துக் குனிந்து காதைக் கொடுத்தேன். ஊசி குத்தாத கையால் அறைந்தார்.

“நான் செத்தாக்கூட அவ கயித்துல கைவைக்க நாலு பேரு கூடணும், மொற இருக்கு. நீ எவன்டா?”

மறுபடியும் கை ஓங்கியதில் ஸ்டாண்டு சாய்ந்து சலைன் பாட்டில் உடைந்தது. தம்பிதான் பாய்ந்து பிடித்தான். “வுடுண்ணே! நேத்துலேருந்து கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ பாட்டுக்கு அடிக்கிற!”

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். என் கன்னத்தில் பதிந்திருந்த விரல்களைப் பார்த்தார். நாடி பிடித்துப் பார்த்தார், அவருடையதை.

“நல்ல தெம்பு வந்துடுச்சு. நாளைக்கு வீட்டுக்குப் போலாம்.”

அடுத்த வாரம் அந்தக் கிணற்றுக்குப் பவுடர் போட நான்தான் போனேன். எனக்குப் பதில் அடிவாங்க ஆபீசில் வேறு ஆள் கிடையாது. அந்த அம்மாள் கிணற்றடியில் நின்றாள். கழுத்தில் புது மஞ்சள். கையில் தாம்புக்கயிறு, நாலாக மடித்தபடி. ஒரு பங்கு ஊற்றி நிமிர்ந்தேன்.

“போதுங்களா?” என்று அவளைத்தான் கேட்டேன்.