சேர்ந்து அமுக்க ஓர் ஆள்

தனியே உட்கார்ந்து சோதித்தால் லாசரஸ் எழுதிய பில் புரோகிராம் ஒரு பிழையும் காட்டாது. சிங்கப்பூர் கேம்பல் லேன் மளிகை மொத்தக் கடையில் இரண்டு டெர்மினலில் ஓடவிட்டால் மானத்தை வாங்கிவிடும்.

"என்ன சார் இது? நான் போட்ட பருப்பு நிசா அக்கா பில்லுல நிக்குது!" பில் போடும் கண்மணி சத்தம் போட்டாள்.

அடுத்த டெர்மினலில் சம்சுன்னிசா சிரித்தார். "பூக்கடைக்காரருக்கு ரெண்டு மூட்டை பருப்பாம். மாலை கட்டுவாரு போல."

முதலாளி தங்கராஜு சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கம்ப்யூட்டர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். வேலை சரியென்று அவர் கையெழுத்துப் போடாவிட்டால், லாசரஸை வேலைக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி அவனுடைய வேலை அனுமதி பாஸைப் புதுப்பிக்காது. தூத்துக்குடிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

1987. கிளமெண்டியில் வாடகை அறை. எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் அவன் யாரிடமும் வலியப் போய்ப் பேசியதில்லை. சாப்பாடும் தனியாகத்தான். கடையிலும் தனியாகவே ஒரு டெர்மினலில் கீயை அமுக்கிவிட்டு அடுத்ததற்கு ஓடுவான்; அதற்குள் முதல் பில் முடிந்திருக்கும். தவறு கையில் சிக்காது.

வியாழக்கிழமை மதியம், கடையில் கூட்டமில்லை. லாசரஸ் அவர்களிடம் போய் நின்றான். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்க முடியுமா? எனக்கு ஆள் இல்ல."

"மொதல்லயே கேட்டிருக்கலாம் லா. தனியா சாப்பிடற மாதிரி தனியா டெஸ்ட் பண்ணா எப்படி தம்பி?" என்றார் சம்சுன்னிசா, ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போட்டு.

அமுக்கினார்கள். பார்த்துவிட்டான். பில் முடியும்வரை சரக்கைக் குறித்துவைக்கும் தற்காலிக டேபிள், அதாவது பட்டியல், புரோகிராமில் ஒன்றே ஒன்று. இருவர் சரக்கும் அதிலேயே விழுந்தது. டேபிளின் பெயரோடு டெர்மினல் எண்ணைச் சேர்த்து ஆளுக்கொன்றாக்கினான்.

பில் சரியானது. ஆனால் சம்சுன்னிசா பாதியில் டீ குடிக்கப் போனதும் கண்மணியின் திரை அசைய மறுத்தது. சரக்கு இருப்பை வரிவரியாகப் படிக்கும் 'கர்சர்' என்ற புரோகிராம் பகுதியை அவன் பில் முடியும்வரை திறந்தே வைத்திருந்தான். அது பிடித்த வரியை வேறு யாரும் தொட முடியவில்லை. வேண்டியதைத் தற்காலிக டேபிளுக்கு எடுத்ததும் கர்சரை மூடவைத்தான். இருப்பைக் கடைசியில் ஒருமுறை பார்த்துக் கழித்தால் போதும்.

"இன்னொரு டீ குடிச்சிட்டு வாங்க அக்கா," என்று அவனே விரட்டினான். கண்மணியின் பில் தடையில்லாமல் வந்தது.

வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் கூட்டத்தில் தங்கராஜு காலை முழுக்க நின்று பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "மூணாவது டெர்மினல் எப்ப வரும்?" என்றார்.

"அடுத்த வாரம். ஆனா மூணு பேரு ஒண்ணா அமுக்கிப் பாக்கணும் முதலாளி," என்றான் லாசரஸ். "மூணாவது ஆள் நீங்கதான்."

"எனக்கு டைப் அடிக்கத் தெரியாதே."

"அமுக்கத் தெரிஞ்சா போதும் லா," என்றாள் கண்மணி.